இலக்கு எண்ணிலிருந்து தரவரிசை வரை

அந்தமானில் எங்கள் பெரார்கஞ்ச் கடைத்தெருவின் இருப்பிடத்தை இரண்டு எண்களில் எழுதிவிடலாம். வடக்கு 11 பாகை 43 கலையை ஒட்டி, கிழக்கு 92 பாகை 39 கலையை ஒட்டி. விகலை வரை இறங்கினால் ஏறத்தாழ 30 மீட்டருக்குள் ஒரு கடையையே குறித்துவிடலாம். இப்படிப்பட்ட இரண்டு எண்களை மட்டும் வாசித்துக் காட்டி, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அறையில் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருப்பவரிடம் "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பதை அமெரிக்க உளவு அமைப்புகள் ஒரு வேலையாகவே நடத்தின. 1972 முதல் 1995 வரை அதற்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவானது. ரிமோட் வியூயிங் என்று அந்த வேலைக்குப் பெயர். திட்டத்துக்குக் காலத்துக்கொரு குறிப்பெயர் வைத்தார்கள்: கிரில் ஃப்ளேம், சென்டர் லேன், சன் ஸ்ட்ரீக். 1991-இல் வந்த கடைசிப் பெயரான ஸ்டார்கேட்தான் பரவலாக நிலைத்தது.

இதன் ஆவணங்கள் இன்று எவருக்கும் கிடைக்கின்றன. 2017 ஜனவரியில் சி.ஐ.ஏ. தன் பழைய கோப்புகளை இணையத்தில் ஏற்றியபோது அவையும் வந்தன. அவற்றில் என்னை ஈர்த்தவை செயல்முறைத் தாள்கள். நம்ப முடியாத ஒன்றைச் செய்ய முனைந்தவர்கள், அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்ய முனைந்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன. வேலை நடந்த வரிசையிலேயே அதைப் பார்க்கலாம்.

இதற்கு முன்னால் இருந்த கருவி ஒரு சீட்டுக்கட்டு. 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் பயன்படுத்திய கட்டில் 25 சீட்டுகள். வட்டம், கூட்டல்குறி, அலைக்கோடுகள், சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள், குறிக்கு ஐந்து சீட்டு. கவிழ்த்து வைத்த சீட்டைப் பார்க்காமலே குறியைச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தில் சராசரியாக 5 சரியாக வரும். அதற்கு மேல் தொடர்ந்து வந்தால்தான் பேச்சு. இந்த மரபு நம் வங்கக் கடலின் எதிர்க்கரைக்கும் வந்தது. ரைனுடன் பணியாற்றிய கே. ராமகிருஷ்ண ராவ் 1967-இல் விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உளவியலோடு அப்பாலை உளவியலையும் சேர்த்து ஒரு துறை தொடங்கினார். அது கல்வி ஆய்வு. உளவு வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீட்டு முறையின் வலிமை அதன் கணக்கில் இருந்தது: எது சரி, எது தவறு என்பதில் இருவர் கருத்து வேறுபட இடமே இல்லை. இந்த வலிமையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உளவு வேலைக்குப் போனவர்கள் முதலில் விட்டுக்கொடுத்தது இதைத்தான்.

உளவுக்குச் சீட்டு போதாது. எதிரியின் கிடங்கில் இருப்பது ஐந்து குறிகளில் ஒன்று அல்ல. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் (எஸ்.ஆர்.ஐ.) ஹெரால்ட் புட்டாஃப், ரஸல் டார்க் என்ற இரண்டு லேசர் இயற்பியலாளர்கள் இருந்தனர். சோவியத் நாட்டில் இத்தகைய ஆய்வு நடக்கிறது என்ற கவலையில் இருந்த சி.ஐ.ஏ., 1972-இல் அவர்களுக்கு எட்டு மாத வேலைக்கு ஏறத்தாழ 50,000 டாலர் கொடுத்தது. அவர்கள் அமைத்த முதல் முறையின் படிகள் இவை.

முதலில் இலக்குப் பட்டியல். நிறுவனத்திலிருந்து காரில் அரை மணி நேரத்தில் எட்டக்கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பெட்டகத்தில் பூட்டினார்கள். பட்டியலைத் தயாரித்தவர் சோதனை அறைக்குள் வருவதில்லை. சோதனை நாளில், இடத்தை விவரிக்க வேண்டிய பார்வையாளரும் ஓர் ஆய்வாளரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதன் பிறகே வெளியே போகும் குழுவுக்கு ஓர் உறை தரப்படும். குழு காரில் ஏறிய பிறகுதான் உறையைப் பிரிக்கும். பயணத்துக்கு 30 நிமிடம். அந்த 30 நிமிடம் முடிந்ததும் அறையில் டேப் ரெக்கார்டர் ஓடத் தொடங்கும். அடுத்த 15 நிமிடம் குழு அந்த இடத்தில் நிற்கும். பார்வையாளர் தமக்குத் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருப்பார். உள்ளே இருக்கும் ஆய்வாளருக்கும் இடம் தெரியாது. ஆகவே தம்மை அறியாமல் குறிப்புக் கொடுக்க அவரால் முடியாது. குழு திரும்பியதும் பார்வையாளரை அதே இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவார்கள். பூட்டு, உறை, கடிகாரம், அறியாமை ஆகிய நான்கையும் சரியான வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பேட் பிரைஸ் ஒன்பது இடங்களுக்கு இப்படி விவரிப்புத் தந்தார். மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர். அவர் ஒன்பது இடங்களுக்கும் நேரில் போவார். ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஒன்பது விவரிப்புகளையும் பொருத்தத்தின் வரிசையில் 1 முதல் 9 வரை தரப்படுத்துவார். சரியான விவரிப்புக்குக் கிடைத்த தர எண்களைக் கூட்டினால் தற்செயலில் 45 வர வேண்டும். பிரைஸுக்கு வந்தது 16: ஏழு இடங்களில் 1, ஒன்றில் 3, ஒன்றில் 6. தற்செயலாக இப்படி வர ஏறத்தாழ ஒரு லட்சத்தில் மூன்று வாய்ப்பு என்று கணக்கிட்டு, 1976 மார்ச்சில் மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள்.

அந்த ஒன்பதில் ரிங்கொனாடா பூங்கா சுவையானது. பிரைஸ் 120 அடி விட்டமுள்ள ஒரு வட்டக் குளத்தைச் சொன்னார். அங்கிருந்த வட்டக் குளம் 110 அடி. 60-க்கு 89 அடியில் ஒரு செவ்வகக் குளத்தைச் சொன்னார். இருந்தது 75-க்கு 100. அளவுகள் கிட்டத்தட்ட நெருங்குகின்றன. ஆனால் அவர் அந்த இடத்தை நீர் சுத்திகரிப்பு நிலையம் என்றார். அது நீச்சல் குளம். இல்லாத தண்ணீர்த் தொட்டிகளையும் வரைந்திருந்தார். வடிவம் சரியாக வந்து பெயர் தவறிப்போகிறது என்பதை எஸ்.ஆர்.ஐ.யில் இருந்தவர்கள் ஒரு குறையாக எண்ணவில்லை. ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆறு நிலை முறை முழுவதும் இந்த ஒரு கவனிப்பின் மேல் கட்டப்பட்டது.

அதற்கு முன், ஒரு மூட்டு விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் காமன் இருவரும் பிரைஸின் விவரிப்புகளில் சிலவற்றைப் பெற்றுப் படித்தார்கள். உரையாடலை எழுத்தில் பெயர்த்தவர்கள் அறையில் பேசியவற்றை நீக்காமல் விட்டிருந்தார்கள். முந்தைய நாளின் இலக்குகளைப் பற்றிய பேச்சு, எத்தனையாவது சோதனை என்ற குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. மதிப்பீட்டாளரிடம் தரப்பட்ட இடப் பட்டியலோ போன வரிசையிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்தால், எந்த இடத்துக்கும் போகாமலே விவரிப்புகளை இடங்களோடு பொருத்திவிடலாம் என்று 1978-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். உளவியலாளர் சார்லஸ் டார்ட் அந்தக் குறிப்புகளை நீக்கி மறுமதிப்பீடு செய்வித்து, பொருத்தம் அப்படியே இருப்பதாக 1980-இல் பதில் தந்தார். வாதம் அதன் பிறகும் நீண்டது. கைவேலை என்ற அளவில் பார்த்தால் தீர்ப்பு எளிது. உறையையும் பெட்டகத்தையும் அவ்வளவு கவனித்தவர்கள், தட்டச்சு மேசையைக் கவனிக்கவில்லை. படாக் மரத்தில் கழுந்தைச் சீராகச் செதுக்கிவிட்டுத் துளையைத் தளர்வாக எடுத்ததற்கு ஒப்பானது இது.

அடுத்து வந்தது எண் முறை. வெளியே ஆளை அனுப்புவது சோவியத் நிலத்தில் நடக்காது. நியூயார்க் ஓவியர் இங்கோ ஸ்வான், சீட்டுகளும் பெட்டிக்குள் வைத்த பொருள்களும் தம்மைச் சலிப்படையச் செய்கின்றன என்று சொல்லி, பூமியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுங்கள் என்றார். கேட்க விசித்திரம்தான், நடைமுறைக்கோ அதைவிட எளிய முகவரி கிடையாது. இதில் ஓர் ஓட்டை உடனே தெரிகிறது. உலக வரைபடம் மனப்பாடமாக இருப்பவருக்கு 11 வடக்கு, 92 கிழக்கு என்றதுமே வெப்பமண்டலக் கடல், காடு, தீவு என்று தோன்றிவிடும். மனத்தின் ஆற்றல் எதுவும் தேவையில்லை. பள்ளிக்கூட அட்லஸ் போதும். இதை அவர்களே உணர்ந்தார்கள். பின்னாளில் உண்மையான எண்ணுக்குப் பதிலாக, கோப்பில் மட்டுமே இடத்தோடு இணைக்கப்பட்ட, தன்னளவில் பொருளற்ற எண் ஒன்றைக் கொடுத்தார்கள். ஓட்டை அடைபட்டது. அந்த எண் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால் விளக்கம் எவரிடமும் இல்லை. ஆனால் சோதனை வடிவமைப்பு என்ற முறையில் அது முன்னேற்றமே.

1974 ஜூலையில் இந்த முறையின் புகழ்பெற்ற சோதனை நடந்தது. இன்றைய கசக்ஸ்தானில் செமிபலாடின்ஸ்க் அருகே இருந்த ஓர் ஆராய்ச்சித் தளத்தின் எண்களைப் பிரைஸிடம் தந்தார்கள். கட்டடத்தின் மேல் சக்கரங்களில் நகரும் பிரம்மாண்டமான பாரந்தூக்கி ஒன்றை அவர் வரைந்தார். செயற்கைக்கோள் படத்தில் அப்படியொன்று இருந்தது. ஆனால் அவர் சொன்ன மற்றவற்றில் பெரும்பகுதி பொருந்தவில்லை. சி.ஐ.ஏ. தரப்பில் திட்டத்தைக் கவனித்த கென்னத் கிரெஸ் 1977-இல் எழுதிய உள்கட்டுரை இரண்டையும் பதிவுசெய்கிறது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாரந்தூக்கியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

1970-களின் பிற்பகுதியில் வேலை மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் ராணுவ முகாமுக்கும் வந்தது. அங்கே சிப்பாய்களையும் உளவு அலுவலர்களையும் பயிற்றுவிக்க வேண்டியிருந்ததால், திறமை என்று விடாமல் முறை என்று எழுதினார்கள். ஸ்வானும் புட்டாஃபும் உருவாக்கிய ஆறு நிலைகளை, ஸ்வானிடம் பயின்ற ராணுவத்தினர் 1986 மே 1 தேதியிட்ட கையேடாகத் தொகுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த முழு முயற்சியிலும் மிக நேர்த்தியான பொருள் இதுதான்.

அறை ஒரே நிறத்தில், ஒலி தடுக்கும் ஓடுகளோடு, கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாமல் இருக்கும். விளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மேசையின் ஒரு முனையில் பார்வையாளர், எதிர்முனையில் கண்காணிப்பாளர். வெள்ளைக் காகிதம், கறுப்புப் பேனா. பார்வையாளர் முதல் தாளின் மூலையில் பெயர், தேதி, தொடங்கும் நேரம் ஆகியவற்றை எழுதுவார். பிறகு தம் உடல், மனக் குறைகளை எழுதுவார்: தலைவலி, தூக்கமின்மை, வீட்டுக் கவலை. எழுதிவிட்டால் அவை தாளில் தங்கிவிடும், வேலைக்குள் புகாது என்பது எண்ணம். எண்ணம் சரியோ தவறோ, வேலைக்கு முன் பணிமேசையைத் துடைக்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்காணிப்பாளர் எண்ணை வாசிப்பார். பார்வையாளர் அதைத் தாளில் எழுதுவார். எழுதி முடித்த அதே வேகத்தில் பேனா தானாக ஒரு கோட்டைக் கிறுக்க வேண்டும். அதுதான் முதல் நிலை. கோடு படுத்திருக்கலாம், வளைந்து அலையலாம், குத்தாக ஏறித் திரும்பலாம். கோடு நகர்ந்த விதத்தையும் அதன் தொடுவுணர்வையும் உடனே பக்கத்தில் எழுத வேண்டும்: 'ஏறி, முனை திரும்பி, இறங்குகிறது, கெட்டி.' அதன் கீழே ஒரே சொல்: நிலம், நீர், மலை, கட்டடம். யோசிக்க இடைவெளி கிடையாது. கோடு கிடைக்காவிட்டால் எண் மறுபடி வாசிக்கப்படும்.

இரண்டாம் நிலையில் புலன்கள். நிறம், மணம், சுவை, வெப்பம், ஒலி, தொட்டால் எப்படி. ஒவ்வொன்றும் ஒற்றைச் சொல்லாக வர வேண்டும். பச்சை, உப்பு, சொரசொரப்பு, இரைச்சல். வாக்கியம் எழுதத் தொடங்கினால் மனம் கதை கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த நிலையின் முடிவில் உயரம், அகலம், ஆழம் பற்றிய சொற்கள் வரத் தொடங்கும். இடத்தைப் பற்றிப் பார்வையாளருக்கே ஓர் உணர்ச்சி எழும். 'பயமாக இருக்கிறது', 'அழகு' என்று அதையும் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகே மூன்றாம் நிலைக்குக் கதவு திறக்கும்: படம் வரைதல்.

இதற்கிடையில் எந்த நிலையிலும் ஒரு பெயர் மனத்தில் குதிக்கலாம். 'இது கலங்கரை விளக்கம்' என்று தோன்றும். ரிங்கொனாடாவில் பிரைஸைத் தவறச் செய்தது இதுவே. கையேடு இதைப் பகுப்பாய்வு மேல்படிவு என்கிறது, சுருக்கமாக ஏ.ஓ.எல். வந்ததும் தாளின் வலப்பக்கத்தில் 'ஏ.ஓ.எல். கலங்கரை விளக்கம்' என்று எழுதி, பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். மனம் அடங்கிய பிறகு எண்ணை மறுபடி வாங்கித் தொடரலாம். பேனாவைக் கீழே வைப்பதை ஒரு சடங்காக எழுதாமல், செயல்முறையின் ஓர் அசைவாகவே எழுதியிருக்கிறார்கள். தவறை அழிப்பதில்லை, அதற்கென்று ஓர் ஓரம் ஒதுக்குகிறார்கள்.

நான்காம் நிலையில் தாளின் குறுக்கே எட்டுப் பத்திகள்: புலனுணர்வு, பரிமாணம், பார்வையாளரின் உணர்ச்சி, அந்த இடத்தில் இருப்போரின் உணர்ச்சி, தொட்டறியக்கூடியவை, தொட்டறிய முடியாதவை, மேல்படிவு, இடத்தை ஒத்த மேல்படிவு. இடமிருந்து வலமாகச் சொற்களை உரிய பத்தியில் இட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஐந்தாம் நிலையில், எழுதிய ஒரு சொல்லையே எடுத்து 'இதனுள் என்னென்ன?' என்று விசாரிப்பார்கள். ஆறாம் நிலைக்குக் களிமண் வேண்டும். கையால் இடத்தின் உருவத்தைப் பிசைந்து செய்யும்போது மேலும் விவரம் வரும் என்பது கருத்து. உருவம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கடைசித் தாளில் 'முடிவு' என்று எழுதி நேரத்தைக் குறித்தால் அமர்வு முடிந்தது.

பயிற்சி அமர்வுகளில் கண்காணிப்பாளர் இடத்தை அறிந்திருப்பார். அவர் சொல்ல அனுமதிக்கப்பட்டவை சிலவே: சரி, அநேகமாகச் சரி, அருகில், சொல்ல இயலாது, இடம் கிடைத்தது. தவறு என்று சொல்லவே கூடாது, தவறுக்கு மௌனம். கற்பிக்கும் முறையாக இது மென்மையானது. ஆனால் மௌனமும் ஒரு சொல்தான். எதிரே இருப்பவரின் மௌனத்தைக் கேட்டே வழி திருத்திக்கொள்ளக் கூர்மையான பார்வையாளருக்குத் தெரியாதா? இதற்கு மாற்றாக, பயிற்சி முதிர முதிர இந்தச் சொற்களை நிறுத்திவிட்டு, கடைசியில் கண்காணிப்பாளருக்கும் இடம் தெரியாதபடி செய்தார்கள்.

இனி மதிப்பீடு. 1985-இல் புட்டாஃபிடமிருந்து எட்வின் மே பொறுப்பேற்ற பிறகு, ஆய்வகத்தில் இலக்குகள் பெரும்பாலும் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் படங்களாயின. ஒரு விவரிப்பு, அதனோடு ஐந்து படங்கள். ஒன்று உண்மையான இலக்கு, நான்கு போலி. எது எது என்று அறியாத மதிப்பீட்டாளர் 1 முதல் 5 வரை தரப்படுத்துவார். தற்செயலின் சராசரி 3. சராசரித் தரத்தை 3-இலிருந்து கழித்து, 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் விளைவளவு வரும்.

ஐந்து படங்களும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்க வேண்டும் என்பதே இதில் உயிர்நாடி. எங்கள் பெரார்கஞ்ச் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மணிப்பூர் மலை என்று 2021-இல் பெயர் மாறிய ஹாரியட் மலையின் சரிவு, பம்பூஃபிளாட் படகுத்துறை, ஒரு பாக்குத் தோப்பு, ஜிர்காடாங் சோதனைச்சாவடி, ஒரு சதுப்புக்காட்டு ஓடை என ஐந்து படங்களை வைத்தால், 'பச்சை, ஈரம், உயரமானவை, நீர் பக்கத்தில்' என்ற விவரிப்பு எதற்குத்தான் பொருந்தாது? தரவரிசை குருட்டடியாகிவிடும். சுரங்கம், பனிப்பாறை, கோயில் கோபுரம், படகுத்துறை, கோதுமை வயல் என்று வைத்தால்தான் 'நீர் பக்கத்தில்' என்ற சொல்லுக்கு எடை வரும். மேயின் குழு படங்களைக் கூறுகளாகப் பிரித்துக் குறியிட்டு, முடிந்தவரை ஒவ்வாதவற்றை ஒரே கட்டில் சேர்த்தது. நல்ல வேலை. உளவுக் களத்திலோ இந்த வசதி கிடையாது. அங்கே போலிப் படங்கள் இல்லை. ஒரே இடம், ஒரே விவரிப்பு, 'பொருந்துகிறதா?' என்ற ஒரே கேள்வி.

1995-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கட்டளைப்படி சி.ஐ.ஏ. இந்தத் திட்டத்தை மதிப்பிட அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனங்கள் என்ற அமைப்பிடம் தந்தது. ஆய்வகப் பகுதியைப் படிக்க இருவர்: புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ், உளவியலாளர் ரே ஹைமன். 1973 முதல் 1988 வரை எஸ்.ஆர்.ஐ.யில் 154 சோதனைகள், 26,000 முயற்சிகள். அவற்றில் ஆயிரத்துச் சொச்சம் ரிமோட் வியூயிங். அதன் விளைவளவு 0.209. மேலே சொன்ன சூத்திரத்தில் இட்டால் சராசரித் தரம் 3-க்குப் பதில் 2.7. இவ்வளவு முயற்சிகளில் இது தற்செயல் அல்ல என்றார் அட்ஸ். தற்செயல் அல்ல என்பதை ஹைமனும் ஒப்புக்கொண்டார். ஆனால் காரணம் மன ஆற்றல் என்று சொல்ல இன்னும் இடமில்லை என்றார். அவர் விரல் வைத்த இடங்களில் ஒன்று மதிப்பீட்டாளர். அப்போது அண்மையில் நடந்த சோதனைகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் திட்டத் தலைவரான மே அவர்களேதான். 1978-இல் தளர்வு தெரிந்த அதே மூட்டு, வேறு பக்கமிருந்து.

களப் பகுதிக்கு 1994-இல் ஒரு படிவம் வந்திருந்தது. தகவல் கேட்ட அமைப்பே, கிடைத்த விவரிப்புக்குத் துல்லியம் எவ்வளவு, பயன் எவ்வளவு என்று எண் போட வேண்டும். எஞ்சியிருந்த மூன்று பார்வையாளர்கள், ஐந்து அமைப்புகள், 1995 மே 1 வரை 40 பணிகள். படிவங்களைத் தொகுத்து, அமைப்புகளின் ஆட்களிடமும் நேரில் விசாரித்தார்கள். விவரிப்புகள் பொத்தாம்பொதுவாக இருந்தன. வேறு வழிகளில் வந்த தகவலோடு சேர்த்து விளக்கம் கொடுத்தால்தான் பொருந்தின. ஒரு நடவடிக்கைகூட இவற்றை வைத்து வழிநடத்தப்படவில்லை. 1995 செப்டம்பர் 29 தேதியிட்ட அறிக்கை இதை எழுதி, உளவு வேலைக்கு இதைத் தொடர வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டிலேயே திட்டம் மூடப்பட்டது.